நான்காம் பெயர் எழுதிய ஊசி

காலை பதினொன்று பத்து. அன்றைய பட்டியலில் மூன்றாவது பெயர். மாரித்தங்கம், நாற்பத்தொரு வயது, நூற்பாலைத் தொழிலாளி. பித்தப்பையில் கல்.

நாள்: 2023 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை. இடம்: தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் எண் அறுவை அரங்கு. மயக்க மருந்து கொடுக்க வேண்டியவர் டாக்டர் அய்யாத்துரை. பதினெட்டு ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்து நான்காம் வயதில் மயக்கவியல் மேற்படிப்புக்கு வந்தவர். இப்போது இரண்டாம் ஆண்டு. அவருடைய ஆசிரியர் டாக்டர் ஹெப்சிபாவுக்கு முப்பத்தேழு வயது. மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை சார் என்பார். துறையில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் இருவரும் சிரித்ததில்லை.

மேசையில் படுத்திருந்த மாரித்தங்கத்தின் நெஞ்சில் அய்யாத்துரை ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மெல்லிய விசில் கேட்டது.

"இளைப்பு எத்தனை வருஷமாம்மா?"

"இளைப்பெல்லாம் இல்ல சார். திங்கக்கிழமை மட்டும் நெஞ்சு பிடிக்கும். ஞாயித்துக்கிழமை மில்லு லீவுல்லா. லீவு முடிஞ்சு பஞ்சுத் தூசிக்குள்ள போனா பிடிக்கும். செவ்வா ஆனா விட்டுரும்."

"இன்னைக்குச் செவ்வாய்தானே."

"அதான் தைரியமா வந்து படுத்திருக்கேன்."

மயக்க மருந்துப் பிரிவின் தொழில்நுட்பர் கோமதிநாயகம் சிரித்தார். அய்யாத்துரையும் சிரித்தார். 'லேசான இளைப்பு. காலையில் வார்டில் ஆவி மருந்து கொடுக்கப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

"தூங்கும்போது வலிக்குமா சார்?"

"தெரியவே தெரியாது."

"முழிக்கும்போது?"

"நான் பக்கத்துலயே இருப்பேன்."

தூங்க வைக்கும் மருந்தின் பெயர் புரோபோஃபால். நரம்பில் போடும் ஊசி. பால் போல வெள்ளையாக இருக்கும். சிறு கண்ணாடிக் குப்பியில் இருபது மில்லி வரும். அந்த அரங்கில் ஒரு குப்பியை உடைத்தால் இரண்டு ஊசிகளில் பத்துப் பத்து மில்லியாக எடுத்துவைப்பது வழக்கம். ஒன்று மேசையில் இருப்பவருக்கு. மற்றது அடுத்தவருக்கு. ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதிவிடுவார்கள். அன்று இரண்டாவது ஊசியில் எழுதியிருந்தது: 4, கற்பகவல்லி.

மாரித்தங்கத்துக்கு எடை எழுபத்தொரு கிலோ. பத்து மில்லி போனது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றில் குரல் நின்றது. அய்யாத்துரை இமை மயிரைத் தொட்டுப் பார்த்தார். அசைவில்லை. அடுத்து, தசைகளைத் தளர்த்தும் ஊசியைப் போட்டார். மூன்று நிமிடத்தில் தாடை தளர்ந்தது. கை துணிபோலத் தொங்கியது.

11.16. மூச்சுக்குழலுக்குள் குழாய் சுலபமாகச் சென்றது.

11.17. காற்றை உள்ளே அனுப்பும் பையை அய்யாத்துரையால் அமுக்க முடியவில்லை. "பை கல்லு மாதிரி இருக்கு," என்றார். நெஞ்சின் இரண்டு பக்கமும் விசில் பலமாகக் கேட்டது. குழாய் இடம் மாறிவிட்டதோ என்று மறுபடி பார்த்தார். சரியான இடத்தில்தான் இருந்தது.

11.20. விசில் நின்றது.

"அப்பாடா, சத்தம் போயிருச்சு," என்றார் அய்யாத்துரை.

நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோமதிநாயகம் கதவைத் திறந்துகொண்டு பக்கத்து அரங்குக்கு ஓடினார்.

11.23. டாக்டர் ஹெப்சிபா வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சத்தம் போகலை சார். காத்துதான் போகலை."

தட்டில் கிடந்த நான்காம் பெயர் எழுதிய ஊசியை எடுத்து, பத்து மில்லியையும் செலுத்தினார். பிறகு கெட்டமின். பிறகு அட்ரினலின். பை கொஞ்சம் இளகியது. 11.31க்கு இதயம் நின்றது. 11.52க்கு நெஞ்சை அமுக்குவதை நிறுத்தினார்கள்.

கற்பகவல்லியை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, இன்னொரு நாள் என்றார்கள்.

மாரித்தங்கத்தின் கணவர் சோலைமலை அதே ஆலையில் சுமை ஏற்றுபவர். அரங்குக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். செய்தி சொன்னபோது எழுந்து நின்றார். அழவில்லை.

"கடைசி வரைக்கும் பேசிக்கிட்டிருந்தாளா சார்?"

"பேசினாங்க."

"என்ன பேசினா?"

அய்யாத்துரை யோசித்தார். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைன்னு சொன்னாங்க."

சோலைமலை தலையாட்டினார். அது அவருக்குப் புரிந்தது.

"அவங்களுக்கு இளைப்பு இருந்திருக்குய்யா," என்றார் அய்யாத்துரை. "அதுல மூச்சு அடைச்சிருச்சு."

"பதினாறு வருஷமா இருக்கு சார் அது. சாகடிக்கணும்னா மில்லுக்குள்ளயே சாகடிச்சிருக்குமே. இங்க வந்து ஏன் சாகடிக்கணும்?"



மறுநாள் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அய்யாத்துரை எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தப்பு அவர்மேல் என்று முடிவானால் படிப்பு போகும். மறுபடி கிராமத்துச் சுகாதார நிலையம்தான்.

"ஒவ்வாமைன்னு எழுதிருங்க சார்," என்றார் கோமதிநாயகம். "மருந்து சேரலைன்னு எழுதினா யாரையும் கேள்வி கேக்க முடியாது. மருந்தையா கூண்டுல ஏத்துவான்?"

"அவங்க வீட்டுக்காரர் கேட்டாரே கோமதி."

"அவர் கேட்டது இளைப்பைப் பத்தி. நீங்க ஒவ்வாமைன்னு எழுதுங்க. கேள்வியே மாறிரும்."

அய்யாத்துரை ஹெப்சிபாவின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், எல்லாமே தளர்ந்திருந்தது. தாடை, கை, வயிறு. குழாய் வழுக்கிட்டு உள்ளே போச்சு. அப்புறம் நெஞ்சு மட்டும் ஏன் இறுகிச்சு?"

ஹெப்சிபா மேசைமேல் இருந்த குறிப்பேட்டை மூடினார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கறிக்கடைக்குப் போங்க சார்."

"மேடம்?"

"ஆட்டு மூச்சுக்குழல் ஒண்ணு வேணும். வெட்டின உடனே எடுத்தது. நான் ஒரு கரைசல் தர்றேன். ஃபிளாஸ்க்ல ஊத்தி, அதுக்குள்ள போட்டுக் கொண்டு வாங்க."

"நாளைக்குச் சாயங்காலம் நான் எழுதிக் கொடுக்கணும் மேடம்."

"தெரியும். அதனாலதான் காலைல போகச் சொல்றேன்."

காலை ஆறு மணிக்குக் கறிக்கடையில் முதல் ஆடு தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் காஜா பாய் அய்யாத்துரையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஈரல் கேட்டு வருவாங்க. மூளை கேட்டு வருவாங்க. மூச்சுக்குழலுக்குன்னு வந்த முத ஆள் நீங்கதான் சார். நாய்க்கா?"

"இல்ல பாய். ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரில ஆட்டுக்கும் ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சா?" பாய் சிரித்தார். வெள்ளை வளையங்கள் கோத்த குழாயை ஒரே இழுப்பில் உருவினார். "வேக வச்சாலும் வேகாது. ரப்பர் மாதிரி கெடக்கும். பாத்துக்கோங்க."

அய்யாத்துரை அதை வாங்கி ஃபிளாஸ்க்குக்குள் போட்டார். அவர் சிரிக்காததைப் பாய் பார்த்தார். அதற்குமேல் கேலி செய்யவில்லை.

மருந்தியல் துறையின் பழைய ஆய்வுக்கூடத்தை ஹெப்சிபா திறந்து வைத்திருந்தார். பத்து ஆண்டுகளாக யாரும் அங்கே பாடம் நடத்துவதில்லை. மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் உடம்புச் சூட்டில் உப்புக்கரைசல். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெதுவாகச் சுற்றும் ஓர் உருளை. அதில் சுற்றிய தாளை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டி அவரே கறுப்பாக்கியிருந்தார். விரல்களில் கரி ஒட்டியிருந்தது.

அவர் மூச்சுக்குழலை வெட்டித் திறந்தார். குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டம் அல்ல. பின்பக்கம் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை இருந்தது.

"இதென்ன சார்?"

"மூச்சுக்குழல் தசை."

"உங்க கையை மடக்குங்க."

மடக்கினார்.

"இந்தத் தசையை மடக்குங்க."

அய்யாத்துரை மடக்கிய கையை இறக்கினார்.

அந்தப் பட்டையைச் சிறிய கீற்றாக வெட்டினார் ஹெப்சிபா. ஒரு முனையை நூலால் கட்டிக் குடுவைக்கு அடியில் பிணைத்தார். மறு முனையின் நூலை மேலே ஒரு மெல்லிய நெம்புகோலில் கட்டினார். நெம்புகோலின் நுனி கறுப்புத் தாளைத் தொட்டது. தசை சுருங்கினால் நுனி மேலே ஏறும். தளர்ந்தால் இறங்கும். தாளில் வெள்ளைக் கோடு விழும்.

"முக்கால் மணி நேரம் ஆகும்," என்றார். "அது நிலைக்கு வரணும்."

இருவரும் இரண்டு முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து அய்யாத்துரை பேசினார்.

"நான் அந்த ஊசியைப் பார்த்தேன் மேடம்."

"எந்த ஊசி?"

"நாலாவது பேர் எழுதினது. பை கல்லா இருந்தப்போ தட்டுல அதுதான் கண்ணுல பட்டது. இன்னும் கொஞ்சம் ஆழமாத் தூங்க வைக்கலாமான்னு ஒரு நினைப்பு வந்தது. கற்பகவல்லின்னு எழுதியிருந்தது. அது இன்னொருத்தங்களோடதுன்னு விட்டுட்டேன்."

ஹெப்சிபா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை எட்டுற தூரம் மேடம்."

"தெரியும். நான் அங்கிருந்துதான் எடுத்தேன்."

முக்கால் மணி ஆனது. ஹெப்சிபா எழுந்து, தசையை இறுக்கும் ஒரு மருந்தில் சில சொட்டுகளைக் குடுவைக்குள் விட்டார். நெம்புகோல் மெல்ல ஏறத் தொடங்கியது. ஏறி, மேலேயே நின்றது.

"இது என்ன மேடம்?"

"நீங்க குழாயை உள்ளே விட்டப்ப நடந்தது."

அய்யாத்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்குத் தளர்த்த நீங்க என்ன கொடுத்தீங்க? தளர்ந்திருந்ததுன்னு சொன்னீங்களே. அதைப் போடுங்க."

அய்யாத்துரை தசைத் தளர்த்தி மருந்தைக் குடுவைக்குள் விட்டார். காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கோடு மேலேயே, நேராக, போய்க்கொண்டிருந்தது.

"இறங்கலையே மேடம்."

"இறங்காது."

"கை தொங்கிருச்சே. தாடை விழுந்திருச்சே."

"கை, தாடை எல்லாம் நீங்க சொன்னா கேக்குற தசை. அந்த மருந்து அங்கதான் வேலை செய்யும். இது நீங்க சொன்னாக் கேக்காது. நான் சொன்னாலும் கேக்காது. இது தூங்குற மாதிரி இருக்கும், தூங்காது."

"அப்ப இதை எது தளர்த்தும்?"

"என்ன கொடுத்துத் தூங்க வச்சீங்க?"

"புரோபோஃபால்."

"அதுவே தளர்த்தும். உடம்புக்குள்ள ரெண்டு வேலை செய்யும். குழாய் பட்டதும் 'இறுக்கு'ன்னு செய்தி கொண்டு போற நரம்பு இருக்கு. அதை அடக்கும். இந்தத் தசை இறுகிக் கிடக்க உள்ளே கால்சியம் வேணும். அதையும் மட்டுப்படுத்தும். கெட்டமினும் தளர்த்தும், அது வேற வழி. ஆனா கண்ணு மூடுறதுக்கு வேணுங்கிற அளவு வேற. இதுக்கு வேணுங்கிற அளவு வேற. கண்ணு சீக்கிரம் மூடிரும். எழுபத்தொரு கிலோவுக்குப் பதினாலு மில்லியாவது வேணும், நீங்க கொடுத்தது பத்து."

அவர் குடுவையில் இருந்த கரைசலின் அளவைக் கணக்குப் பார்த்தார். இரண்டு சிறு ஊசிகளில் வெள்ளை மருந்தைச் சமமாக எடுத்தார். ஒன்றை அய்யாத்துரையிடம் நீட்டினார்.

"செவ்வாய்க்கிழமை கொடுத்ததைக் கொடுங்க."

கரைசல் வெண்மையாகக் கலங்கியது. கோடு லேசாகத் தணிந்தது. ஒரு நகக்கண் அளவு. அதோடு நின்றது. மறுபடி நேராக ஓடியது.

அய்யாத்துரை இரண்டாவது ஊசிக்குக் கை நீட்டினார். ஹெப்சிபா தரவில்லை.

"மேடம்."

"இருங்க."

"மேடம், குடுங்க."

"ஆறு நிமிஷம் ஆகட்டும் சார்."

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் போனது. அய்யாத்துரை அந்தக் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஹெப்சிபாவே இரண்டாவது ஊசியைச் செலுத்தினார். நெம்புகோல் இறங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல் இறங்கியது. தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இது ஆடு சார். இதுல ஓடுற கணக்கு மனுஷ உடம்புல அப்படியே ஓடாது," என்றார் ஹெப்சிபா. "ஆனா நீங்க கேட்டது இதுதான்."

உருளையிலிருந்து தாளைக் கழற்றினார். கரி உதிராமல் இருக்க அரக்குக் கரைசலில் முக்கி எடுத்து, காய்வதற்குக் கொடியில் மாட்டினார். கறுப்புத் தாளில் ஒரு வெள்ளை ஏற்றம், நீண்ட சமதளம், சின்னத் தணிவு, மறுபடி சமதளம், கடைசியாக ஓர் இறக்கம்.

"இது காய்ஞ்சதும் எடுத்துக்கோங்க. வாங்க."

இரண்டாம் எண் அரங்கில் அன்று அறுவை இல்லை. விளக்குகள் அணைந்திருந்தன. கோமதிநாயகம் ஆக்சிஜன் உருளைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்சிபா மருந்துத் தள்ளுவண்டியின் மேல் மூடியைத் திறந்தார். மூடியின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேலே ஒட்டுநாடா. பழுப்பேறியிருந்தது. தினமும் கண்ணில் படுவதால் யாரும் அதைப் படிப்பதில்லை.

'புரோபோஃபால்: ஒரு குப்பி, இருவருக்கு. கையிருப்பு குறைவு. 18.5.2021.'

கீழே டாக்டர் ஹெப்சிபாவின் கையெழுத்து.

அந்த மே மாதம் கொரோனா அலையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களைத் தூங்க வைக்கவே குப்பிகள் போதவில்லை. அறுவை அரங்குக்கு வந்தது கொஞ்சம்தான். ஆகஸ்டில் நிலைமை சரியானது. காகிதம் அப்படியே இருந்தது.

"கோமதி, ஸ்டோர்ல இப்ப எத்தனை இருக்கு?"

"புரோபோஃபாலா மேடம்? நாப்பது பெட்டி. அலமாரில இடமில்ல. தரையில அடுக்கியிருக்கோம்."

ஹெப்சிபா ஒரு புதிய சவரக் கத்தியை எடுத்தார். காகிதத்தின் ஒரு மூலையில் செருகி மெதுவாகப் பெயர்க்கத் தொடங்கினார்.

அய்யாத்துரை ஓரடி முன்னால் வந்தார். வெள்ளிக்கிழமை குழு அரங்கைப் பார்க்க வரும். வண்டியைத் திறந்தால் அந்தக் காகிதம் இருக்காது. பத்து மில்லியை ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். வழக்கம் என்று சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது என்பார்கள்.

"மேடம், அதை எடுக்காதீங்க."

அவர் நிறுத்தவில்லை.

"அது இல்லைன்னா எல்லாம் என் தலையில வந்துரும் மேடம். நான் இஷ்டத்துக்குக் குறைச்சதா ஆயிரும்."

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் குனிந்துகொண்டார்.

காகிதம் கிழியாமல் முழுதாக வந்தது. அது இருந்த இடத்தில் இரும்பு மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது. ஹெப்சிபா காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அய்யாத்துரையிடம் நீட்டினார்.

"உங்க விளக்கத்துல மூணு இணைப்பு. முதல்ல மயக்கக் குறிப்பேடு. ரெண்டாவது அந்தக் கறுப்புத் தாள். மூணாவது இது."

அய்யாத்துரை வாங்கவில்லை. "இதுல உங்க கையெழுத்து இருக்கு மேடம்."

"ஆமா."

"உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். பை கல்லாகி, ஆறு நிமிஷம் அந்த ஊசி பக்கத்துல கிடந்தது. அதை நீங்க எழுதுங்க. சத்தம் நின்னதும் 'அப்பாடா'ன்னு சொன்னீங்களே, அதையும். இதைப் பத்தி நான் எழுதிக்கிறேன்."

"ஒவ்வாமைன்னு எழுதச் சொன்னாங்க."

"யார்?"

கோமதிநாயகம் இருமினார்.

"எழுதலாம்," என்றார் ஹெப்சிபா. "அப்படி எழுதினா இந்தக் காகிதத்தை மறுபடி ஒட்டிரலாம்."

அய்யாத்துரை உறையை வாங்கிக்கொண்டார். மாலை நான்கு இருபதுக்கு எழுதி முடித்தார். ஒன்பது பக்கம். ஒவ்வாமை என்ற சொல் அதில் இல்லை. நகலகத்தில் ஒரு படி அதிகம் எடுக்கச் சொன்னார் ஹெப்சிபா. அது யாருக்கு என்று கேட்டதற்கு, "கேள்வி கேட்டவருக்கு," என்றார்.

அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றுடன் இருவரும் ஆலைக் குடியிருப்புக்குப் போனார்கள். சோலைமலை வாசலில் இருந்தார். தாள்களை வாங்கிப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கவில்லை. அய்யாத்துரை நின்றுகொண்டே தமிழில் சொன்னார். பாதி மருந்து என்று சொன்னார். இன்னொரு பாதி தட்டில் இருந்தது என்று சொன்னார். அதில் நான்காவதாக வரவேண்டிய பெண்ணின் பெயர் இருந்தது என்று சொன்னார்.

சோலைமலை கடைசிவரை கேட்டார்.

"அந்த நாலாவது அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்க."

"சரி," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

திரும்பி நடக்கும்போது ஆலையின் ஷிஃப்டு சங்கு ஊதியது. பஞ்சு ஒட்டிய தலைகளுடன் பெண்கள் எதிரே வந்தார்கள். சிலர் இருமிக்கொண்டு வந்தார்கள். அய்யாத்துரை வழிவிட்டு ஒதுங்கி நின்றார். 

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"ரெண்டு வருஷத்துக்கு மேல இந்தப் பாதிக் குப்பிதான் கொடுத்திருக்கோம். உங்ககிட்டப் படிச்சவங்க எல்லாரும் அதைத்தான் கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. மாரித்தங்கம் வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. அது எப்படி?"

ஹெப்சிபா நடந்துகொண்டே இருந்தார்.

"ஆகலைன்னு யார் சொன்னா சார்? சத்தம் கேக்கலை."

விசாரணைக் குழு டிசம்பரில் அறிக்கை தந்தது. அய்யாத்துரையின் படிப்புக் காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. டாக்டர் ஹெப்சிபா இடமாற்றம் செய்யப்பட்டார். 2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மருத்துவமனையில் அவர் வேலையில் சேர்ந்தார். அன்றைய பட்டியலில் ஆறு பெயர்கள். முதல் பெயருக்கு முன்னால் மருந்துத் தள்ளுவண்டியின் மூடியைத் திறந்தார். உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'புரோபோஃபால்: ஒரு குப்பி, இருவருக்கு.' கீழே இருந்த கையெழுத்து அவருடையது அல்ல. அவரிடம் படித்தவருடையது.